போகிற தண்ணீர்

தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். வட்டம் இல்லை. சாய்த்துப் பிடித்தேன். அப்போதும் இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் வட்டம் என்றால் நல்ல சேதி. நோயாளியின் ரத்தத்தில் கிடைத்த பாக்டீரியாவை ஒரு தட்டில் பரப்பி, அதன்மேல் மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகிதப் பொட்டுகளை வைத்து மூடிவிடுவோம். மறுநாள் திறந்தால், எந்த மருந்து வேலை செய்கிறதோ அந்தப் பொட்டைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காமல் வட்டமாக வெறிச்சென்று இருக்கும். இந்தத் தட்டில் எந்தப் பொட்டைச் சுற்றியும் இடைவெளி கிடையாது. பாக்டீரியா விளிம்புவரை வந்து ஒட்டிக்கொண்டு நின்றது, இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறவனைப் போல.

தட்டின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் என் தங்கையின் பெயர் இருந்தது. பெயர் வைக்காத குழந்தைகளுக்குத் தாயின் பெயரைத்தான் எழுதுவோம். இன்னாரின் குழந்தை, ஆண்.

உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன், பயம் வந்தால் அதைவிடச் சத்தமாகக் கத்துவேன் என்பது ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று சத்தமே வரவில்லை. அதைப் பார்த்துத்தான் உடன் வேலை செய்யும் பெண் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மாடியில் குறைமாதக் குழந்தைகளின் வார்டு. அங்கே ஓரத்து இன்குபேட்டரில் தங்கையின் பையன் கிடந்தான். அவசரக்குடுக்கை; வெளியே என்ன வேலை இருக்கிறதென்று அப்படி ஓடிவந்தானோ! இரண்டு கைகளையும் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடுவான். பொடியன் என்று கூப்பிட்டோம். அவன் அப்பாவுக்குக் கப்பலில் சமையல் வேலை. கரை தெரிந்தால்தான் போன் வரும். ஆகவே தங்கைக்கு நான், எனக்கு அவள், எங்கள் இருவருக்கும் சேர்த்து அவன்.

இதே பாக்டீரியா அதே வார்டில் ஏற்கெனவே இரண்டு குழந்தைகளைப் பிடித்திருந்தது. ஒன்று பிழைத்தது. ஒன்று போய்விட்டது. அந்தத் தட்டுகளையும் நான்தான் படித்தேன். முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போயிருக்கிறேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

குழந்தை மருத்துவருக்குப் போன் செய்தேன். நர்ஸுகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஊமைக்கோட்டான். வாயில் இருக்கும் முத்து கொட்டிவிடும் என்பதுபோல்தான் பேசுவார்.

"வட்டமே இல்ல டாக்டர்."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

மறுமுனையில் கருவிகளின் மணிச் சத்தத்துக்கு நடுவே, "அப்போ அந்தப் பழசு ஒண்ணுதான் பாக்கி," என்றார்.

அந்தப் பழசு எது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்த மருந்து. வேறு போக்கிடம் இல்லாமல் மறுபடி அலமாரியிலிருந்து இறக்கியிருந்தார்கள். அதைப் பொட்டு வைத்துச் சோதித்தால் நம்ப முடியாது. சின்னக் குழிகளில் பல அளவில் கரைத்து, அதில் பாக்டீரியாவை விட்டு, மறுநாள் எந்தக் குழி கலங்கியிருக்கிறது, எது தெளிவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"கேக்குமா கேக்காதான்னு நாளைக்குத்தான் சொல்ல முடியும் டாக்டர்."

"நாளை வரைக்கும் அவன் தாங்கமாட்டான் மேடம். இப்பவே ஆரம்பிக்கிறேன்."

கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றைத் தாண்டுகிற காரியம்தான். ஆனால் தாண்டாமல் நின்றால் பின்னால் வீடு பற்றி எரிகிறது. சரி என்றேன். குழிகளை நிரப்பும்போது அளவு தப்பி ஒரு வரிசை வீணானது. திரும்பச் செய்தேன்.

அதன்பின் செய்ய ஒன்றும் இல்லாததால், முந்தைய குழந்தைகளின் பாக்டீரியாக்களுடைய மரபணு வரிசையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் குழந்தையிடம் கிடைத்தது மருந்துக்குக் கேட்டது. அதனால்தான் அந்தக் குழந்தை வீட்டுக்குப் போனது. இரண்டாவது குழந்தையிடம் வந்தபோது அதே பாக்டீரியா எதற்கும் கேட்கவில்லை. நடுவில் அது எதையோ சம்பாதித்திருந்தது. கணினித் திரையில் அது அப்பட்டமாகத் தெரிந்தது: வளையமாகச் சுருண்ட, சின்ன, புது டி.என்.ஏ. துண்டு ஒன்று. மருந்துகளை முறிக்கும் வித்தை அதில்தான் இருந்தது.

நமக்கெல்லாம் சொத்து அப்பன், ஆத்தாளிடமிருந்துதான் வரும். பாக்டீரியாவுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. பக்கத்தில் இருப்பது வேற்றினமாக இருந்தாலும் ஒரு மெல்லிய குழாயை நீட்டி, தன் வளையத்தைப் படியெடுத்துக் கொடுத்துவிடும். கொடுத்ததால் தனக்குக் குறைவதும் இல்லை. வாங்கியது அடுத்ததற்குக் கொடுக்கும். உயிர்கள் தங்களிடம் இல்லாததைச் சேர்த்துக்கொண்ட வழிகளில் இது மிகப் பழைய வழி. கல்லூரியில் படித்தபோது அடடா என்று இருந்தது. இப்போது திரையை மூடிவிடலாம் போல இருந்தது.

அந்த வளையத்தில் பழைய சொந்தக்காரனின் அடையாளமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அது தண்ணீரில் வாழும் ஒரு பாக்டீரியா. நல்ல உடம்பை ஒன்றும் செய்யாத சோப்ளாங்கி. ஆனால் வார்டில் தண்ணீர் ஏது? குழாய்த் தண்ணீரைச் சோதித்திருந்தோம். சுத்தம். இன்குபேட்டரில் காற்றை ஈரமாக்கும் கலம் சுத்தம். நர்ஸுகளின் கைகள், பால் எடுக்கும் பம்பு, டாக்டரின் கழுத்தில் தொங்குவது எல்லாம் சுத்தம்.

அன்று மதியம் மாடிக்குப் போனேன். தங்கை சுவரோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் எடுத்துக்கொண்டிருந்தாள். பொடியனின் நெஞ்சு பறவைக்குஞ்சின் நெஞ்சைப் போல அடித்துக்கொண்டிருந்தது. தோல் சாம்பல் நிறம். நான் அவளிடம் தட்டைப் பற்றிச் சொல்லவில்லை. புது மருந்து போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"புது மருந்துன்னா நல்லதுதானே அக்கா?"

"நல்லதுதான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து என் பொய்களைப் பார்த்து வளர்ந்தவள். எடுத்த பாலில் வேண்டிய மட்டும் நர்ஸிடம் கொடுத்தாள். டியூப் வழியாக அவனுக்குப் போவது ஒரு சங்கு அளவுகூட இருக்காது. மீதியை எடுத்துக்கொண்டு எழுந்துபோய், இன்குபேட்டருக்குப் பக்கத்தில் இருந்த கை கழுவும் தொட்டியில் ஊற்றினாள்.

"அதை ஏன்டி அதுல ஊத்துற?"

"இங்க எல்லாரும் இதுலதான் ஊத்துவோம். குப்பையில போடக் கூடாதாம். எனக்கும் தாய்ப்பாலைக் குப்பையில போட மனசு வரல."

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு நர்ஸ் வந்து, சிரிஞ்சில் மிச்சமிருந்த மருந்தை அதே தொட்டியில் பீய்ச்சிவிட்டு, குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டு போனாள். தண்ணீர் நேராக அந்த வடிகால் துளையின்மேல் விழுந்தது.

வருகிற தண்ணீரைத்தான் நாங்கள் சோதித்தோம். போகிற தண்ணீரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, நான் உட்பட. அந்தத் துளைக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் தண்ணீர் தேங்கியிருக்கும். அதற்குத் தினமும் தாய்ப்பால் சாப்பாடு. கூடவே தினமும் கொஞ்சம் மருந்து. எல்லாவற்றையும் கொல்லப் போதாத மருந்து. சொத்தில்லாதவை சாகும், வளையம் வைத்திருப்பவை பால் குடித்துப் பெருகும். நெருக்கமாகப் பெருகினால் கொடுக்கல் வாங்கலுக்குக் கேட்கவா வேண்டும்.

டாக்டரைக் கூப்பிட்டேன். தலைமை நர்ஸும் வந்தார். ஆய்வகத்திலிருந்து ஆரஞ்சு நிறச் சாயப்பொடியை எடுத்துவரச் சொல்லி, ஒரு கரண்டி அந்தத் துளைக்குள் போட்டேன். தொட்டியைச் சுற்றி வெள்ளைக் காகிதம் விரித்தோம். பொடியனைத் துடைப்பதற்காக மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டு எப்போதும் இருக்கும் அலமாரித் தட்டிலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டாம் என்றேன். பிறகு எப்போதும் திறப்பதுபோலக் குழாயைத் திறந்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் குனிந்தார். காகிதத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள். தொட்டியின் விளிம்பில், அலமாரியில், இன்குபேட்டரில் கையை விடும் ஜன்னலின் மூடியில். துண்டை விரித்தேன். அதிலும் கடுகு தெளித்தாற்போல இருந்தது.

"பால் ஊத்தச் சொன்னது நான்தான்," என்றார் தலைமை நர்ஸ். "குப்பையில போட்டா எறும்பு வருது. ஒரு தடவை இன்குபேட்டருக்குள்ளயே ஏறிடுச்சு. அதுக்குப் பயந்துதான் சொன்னேன்."

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. எறும்புக்குப் பயந்தது தப்பா? வாய் திறந்தால் என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். டாக்டர், "தொட்டியை இன்னைக்கே எடுத்துடுங்க," என்றார். குழாய்க்காரர் வந்து அடியிலிருந்து வளைவைக் கழற்றினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். உள்ளே வெளுப்பும் பச்சையுமாகக் கொழகொழவென்று, விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அதில் கொஞ்சம் குப்பியில் எடுத்துக்கொண்டேன்.

அதுவரை ஒரு மூலையில் நின்ற தங்கை அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நான் ஊத்தின பாலா அக்கா?"

"எல்லாரும் ஊத்தினதுடி. எத்தனையோ வருஷமா."

"செத்துப்போச்சே பக்கத்துக் குழந்தை. அவங்க அம்மாவும் இதுலதான் ஊத்தினாங்க. நான் வந்த அன்னைக்கு எனக்கு இடத்தைக் காட்டினதே அவங்கதான்."

அவள் தன் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு நர்ஸுகளின் பெட்டியிலிருந்து கையுறை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆய்வகத்தின் கதவைத் திறந்தவள், குழிகள் இருந்த பெட்டியை உடனே எடுக்கவில்லை. மேசையைத் துடைத்தேன். பேனாவைத் தேடினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தேன். உடன் வேலை செய்யும் பெண், "நான் பாக்கட்டுமா மேடம்?" என்று கேட்டதும்தான் கோபம் வந்தது. "எனக்குக் கண்ணு தெரியாதா?" என்று கத்தினேன். கத்தியது நல்லதாயிற்று, பெட்டியைத் திறக்கத் தெம்பு வந்தது.

மருந்து இல்லாத குழி கலங்கியிருந்தது. மருந்து இருந்தவை, மிகக் குறைந்த அளவு இருந்த குழிவரை, கிணற்று நீர் மாதிரி தெளிவாக இருந்தன. பழசு வேலை செய்கிறது. அங்கேயே அழுதேன்.

பொடியன் மெல்ல மெல்லத் திரும்பினான். சாம்பல் நிறம் போய்த் தோல் சிவந்தது. சிறுநீரகம் ஒரு தடவை பயமுறுத்திவிட்டு வழிக்கு வந்தது. அந்த அறைக்குள் போகிறவர்கள் எல்லோரும் கையுறை போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. தாய்க்கு மட்டும் விலக்கு. ஆனால் தங்கை விலக்கை எடுத்துக்கொள்ளவில்லை. கையுறையைக் கழற்றவே மாட்டேன் என்றாள்.

"அம்மா, நீங்க அவனை நெஞ்சோட வச்சுக்கணும். தோலோட தோல் படணும்," என்றார் டாக்டர். ஊமைக்கோட்டான் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. தங்கை மேலே ஒரு அங்கி, அதன்மேல் ஒரு துணி, கையில் கையுறை என்று எல்லாம் போட்டுக்கொண்டு, பார்சல் வாங்குவதுபோல அவனை வாங்கி, இரண்டு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பால் வற்றிக்கொண்டு வந்தது. பயம் குடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் எனக்குத் தெரிந்த வழியில் எடுத்துச் சொன்னேன்.

"இங்க பாருடி. வாங்கிக்கறது எல்லாமே கெட்டது இல்ல. உன் தோல்ல இருக்கற நல்ல பாக்டீரியா அவனுக்குப் போனாத்தான் அவன் தேறுவான். ஏன், உன் வயித்துல அவனைப் பிடிச்சு வச்சிருந்துச்சே நச்சுக்கொடி, அதை உருவாக்கற ஒரு மரபணுவே ஒரு வைரஸ்கிட்ட இருந்து வந்ததுதான்."

"வைரஸா?"

"ஆமா. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி யாருக்கோ தொத்திக்கிச்சு. அப்புறம் பிள்ளை, பேரப்பிள்ளைன்னு வந்து, நமக்குள்ளயே தங்கிடுச்சு."

ஆறுதல் சொன்னதாக நினைத்து நான் தலையை நிமிர்த்தியபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"தங்கிடுச்சுன்னா? அப்புறம் போகவே இல்லையா?"

என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்கலாம். அதன்பின் அவள் உறக்கத்திலும் கையுறையோடு இருந்தாள் என்று நர்ஸுகள் சொன்னார்கள். விரல்கள் வெந்து தோல் உரிந்தது.

வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்ன நாளும் வந்தது. அனுப்பும் முன் மலத்தைச் சோதிப்பது வழக்கம். தட்டைப் பார்த்தேன். வார்டைப் பிடித்து ஆட்டிய அந்தப் பாக்டீரியா இல்லை. முளைத்திருந்தது எல்லோர் குடலிலும் இருக்கிற, பரம சாதுவான ஒன்று. நிம்மதியோடு மூடப்போனவள் பொட்டுகளைக் கவனித்தேன். வட்டம் இல்லை. அதன் மரபணு வரிசையைப் படித்தேன். அதே வளையம், ஓர் எழுத்துகூட மாறாமல். அது வீடு மாறியிருந்தது. இப்போது பொடியனின் சொந்த பாக்டீரியாவிடம் இருந்தது.

சாது சும்மா இருக்கும்வரை ஒன்றும் இல்லை. என்றைக்காவது இவனுக்கு வேறு நோய் வந்து, உடம்பு தளர்ந்து, அது ரத்தத்தில் இறங்கினால் மறுபடி அந்தப் பழசு ஒன்றுதான். அதையும் ஒரு நாள் அது யாரிடமாவது வாங்கிக்கொண்டால் என்ன செய்வது?

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார் டாக்டர்.

"நானே சொல்றேன்."

மாடியேறும்போது பொய் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். உண்மையைச் சொன்னால் அவள் இனி அவனைத் தொடவே மாட்டாள். தாய் தொடாத பிள்ளை எப்படி வளரும்? அறைக்குள் போகும்போது வழக்கம்போலக் கையுறையை மாட்டிக்கொண்டேன். அவள் பொடியனின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் போயிடுச்சாக்கா?"

என் வாயில் பொய் தயாராக இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்த பார்வையில் அது செல்லாது என்று தெரிந்துவிட்டது.

"இல்ல. நோய் போயிடுச்சு. ஆனா மருந்தை முறிக்கற ஒரு வளையம் இவன் குடல் பாக்டீரியாவுல தங்கிடுச்சு."

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"செத்துருவானா?"

"மாட்டான். இப்போதைக்கு ஒண்ணும் பண்ணாது."

"எவ்வளவு நாளைக்கு இருக்கும்?"

"தெரியாது. சில பேருக்குத் தானாப் போயிடும். சில பேருக்குப் போகாது."

"எனக்கும் வருமா?"

"துணி மாத்தற, துடைக்கற. இத்தனை நாள் இதே அறையில இருந்திருக்க. இந்நேரம் உனக்கும் வந்திருக்கும். கையுறையெல்லாம் இதுக்கு ஒரு அளவுக்குத்தான்."

அவள் அழுவாள், அல்லது மயங்கி விழுவாள் என்று ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அவளோ பெருமூச்சு விட்டாள். அப்படியொரு பெருமூச்சை நான் அவளிடம் கேட்டதில்லை.

"எனக்கும் இருக்கா? இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள். "அவனுக்கு மட்டும் குடுத்துட்டேன், அவனுக்கு மட்டும் குடுத்துட்டேன்னு நான் செத்துக்கிட்டு இருந்தேன். இனிமே இது எதுக்கு?"

கையுறைகளைப் பிய்த்துக் கழற்றினாள். உரிந்து சிவந்த விரல்களால் பொடியனைத் தூக்கி, சட்டையை விலக்கி நெஞ்சோடு அப்பிக்கொண்டாள். அவன் முகத்தைத் திருப்பித் திருப்பி முட்டினான். அவள் அவன் தலையில் வாயை வைத்து அப்படியே நெடுநேரம் இருந்தாள். நல்லதும் கெட்டதும் எல்லாமும் அங்கே இடம் மாறிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவள் சிரித்துக்கொண்டே அவனை என் பக்கம் நீட்டினாள்.

"டேய், பெரியம்மாகிட்ட போடா. உனக்காக எப்படிக் கத்தியிருக்கா தெரியுமா?"

வாங்கிக்கொண்டேன். பூவைவிட லேசாக, சூடாக இருந்தான். என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான். அவன் மேல் எனக்கு உயிர். அவனுக்காக எதையும் கொடுப்பேன் என்று அத்தனை நாளும் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

தங்கை என் கைகளைப் பார்த்தாள். நான் கையுறையைக் கழற்றவில்லை.